சின்னப் பெட்டியில் கேமிங் கம்ப்யூட்டர்: வாங்குவதற்கு முன் யாரும் சொல்லாதது

சின்ன கேமிங் கம்ப்யூட்டர் கட்டலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது வந்தால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது என் பில்களைத்தான். 2024 ஏப்ரலில் வாங்க ஆரம்பித்தேன். ரைசன் 5 7600 ப்ராசஸர் 18,500, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு 56,000, 32 ஜிபி ரேம் 9,500, 1 டிபி எஸ்எஸ்டி 6,500. இதுவரை பெரிய பெட்டியில் கட்டினாலும் இதே காசுதான். இனிமேல்தான் வித்தியாசம். மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன சைஸ் மதர்போர்டு 23,500, எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன சைஸ் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) 12,500, கேபினட் (பெட்டி) 14,500, ப்ராசஸர் சூட்டைத் தணிக்கும் கூலர் 4,000. இந்த நான்குக்கு மட்டும் 54,500. இதே வேலையைச் செய்கிற பெரிய சைஸ் நான்கும் அன்றைக்கு 27,000-க்குள் முடிந்திருக்கும். அதாவது, கேமில் நொடிக்கு ஒரு பிரேம் கூட அதிகம் தராமல், சின்னதாக இருப்பதற்கு மட்டும் இருபத்தேழாயிரத்துச் சொச்சம். மொத்தம் 1,45,000 ஆனதை அம்மாவிடம் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே, “ஏய்யா, இம்புட்டுக்காணு டப்பாவுக்கா இம்புட்டு ரூவா?” என்றாள். பதில் இல்லை.

எனக்குக் காரணம் இருந்தது. வேலை சென்னையில், வீடு திருநெல்வேலியில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்கிற வாரங்களில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்விடுவேன். லேப்டாப்பில் விளையாடினால் சூடும் சத்தமும் தாங்க முடியவில்லை. பெரிய டவரை எழும்பூரில் படியேற்றி இறக்குவது நடக்காத காரியம். 10 லிட்டர் கொள்ளளவு பெட்டி என்றால் தோள் பைக்குள் போகும், ஊரில் டிவியில் மாட்டிக்கொள்ளலாம். இப்படித் தூக்கிக்கொண்டு அலைகிற தேவை இல்லாதவர்கள், மேசையில் அழகாக இருக்குமே என்பதற்காக மட்டும் 10 லிட்டருக்கு இறங்க வேண்டாம். கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி 18 லிட்டர் சுமாரில் இருக்கும் பெட்டிகளில், பெரிய பெட்டிக்கு வாங்குகிற நின்ற வாக்கு கூலர்கள் பலவும் தடிமனான மூன்று ஸ்லாட் கார்டும் ஒன்றாக உட்காரும். நான் கீழே எழுதுகிற பாதித் தலைவலி அங்கே கிடையாது.

10 லிட்டர் பெட்டிகளில் பெரும்பாலும் சாண்ட்விச் அமைப்பு. நடுவில் ஒரு தகடு. ஒரு பக்கம் மதர்போர்டு, முதுகுப் பக்கம் கிராபிக்ஸ் கார்டு. இரண்டையும் ரைசர் கேபிள் என்கிற பட்டையான ஒயர் இணைக்கும். என் பெட்டியில் அந்த நடுத் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். விளம்பரத்தில் “மூன்று ஸ்லாட் கார்டு வரை” என்று ஒரு வரி, “70 மி.மீ. கூலர் வரை” என்று இன்னொரு வரி. இரண்டும் உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் படுத்த கதைதான். கார்டு பக்கம் இழுத்தால் கூலர் பக்கம் குறையும். ஒரு ஸ்லாட் என்பது 20 மி.மீ. சுமார். என் கார்டு இரண்டரை ஸ்லாட், அதாவது 50 மி.மீ. அதை உட்கார வைத்துவிட்டுப் பார்த்தால் கூலருக்கு மிஞ்சியது 50 மி.மீ. கூட இல்லை. 67 மி.மீ. கூலர் ஏற்கெனவே வந்து மேசையில் இருந்தது. 4,200-க்கு வாங்கியதை 2,500-க்குத் தள்ளிவிட்டு, 47 மி.மீ. உயரமுள்ள ஒன்றை வாங்கினேன். அந்த ராத்திரி வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்த இரண்டு வரிக்கு நடுவே “அல்லது” என்று ஒரு சொல் போட்டிருந்தால் போதும்.

அதனால் விளம்பரப் பக்கத்தை நம்பாமல், பெட்டியின் கையேட்டை இறக்கிப் படியுங்கள். தகடு எந்த நிலையில் இருந்தால் கார்டுக்கு எவ்வளவு, கூலருக்கு எவ்வளவு என்று அங்கேதான் அட்டவணை இருக்கும். கார்டில் எல்லாரும் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மற்ற இரண்டு அளவில். ஒன்று தடிமன். இன்னொன்று, கார்டின் பட்டைத் தகட்டைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம். அதன் மேல்தான் பவர் ஒயர் செருகும் இடம் வருகிறது. புது 16 பின் கனெக்டர் உள்ள கார்டு என்றால், ஒயர் வெளியே வந்த உடனே மடங்கக் கூடாது, 35 மி.மீ. வரை நேராகப் போன பிறகே வளைக்க வேண்டும் என்பார்கள். கார்டு உயரத்தோடு அந்த 35-ஐயும் கூட்டிப் பார்த்தால் பல பெட்டிகளின் மூடி மூடாது. 4070 அதிகபட்சம் 200 வாட்தான் எடுக்கிறது என்பதால் சில தயாரிப்புகளில் பழைய 8 பின் ஒன்றே இருக்கும். சின்னப் பெட்டிக்கு அதுவே நிம்மதி. நான் தேடிப் பிடித்ததும் அதுதான்.

சென்னையில் கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பற்றி ஒரு வார்த்தை. ரேம், எஸ்எஸ்டி, ப்ராசஸர், சாதாரண கார்டுகள் எல்லாம் அங்கே பேரம் பேசி வாங்கலாம். மினி ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கேட்டால் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். “மூவ் ஆகாத ஐட்டம் தம்பி, அட்வான்ஸ் குடுத்தா வர வெச்சுத் தரேன்.” அட்வான்ஸ் கொடுத்து வரவழைத்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். கார்டை அளந்து பார்க்கலாமா அண்ணா என்று டேப்பை எடுத்தேன். “சீல் பிரிச்சா நீங்கதான் வாங்கணும்.” அவர் பக்கமும் நியாயம் உண்டு, பிரித்த பெட்டியை அடுத்தவர் வாங்கமாட்டார். செட் ஆகுமா என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே பதில், “செட் ஆகும்.” பெரிய பெட்டி கட்டிக் கட்டிப் பழகிய கை, அங்கே எல்லாமே செட் ஆகும். ஆகவே மி.மீ. கணக்கை வீட்டிலேயே பேப்பரில் போட்டு முடித்துவிட்டு, மாடல் எண்ணோடு போங்கள். ஒரே கார்டுப் பெயரில் இரண்டு விசிறி, மூன்று விசிறி என்று வேறு வேறு உருவங்கள் வரும். பெயரின் கடைசியில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்து மாறினால் 60 மி.மீ. மாறிவிடும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். அது எனக்குப் பின்னால் எவ்வளவு உதவியது என்பதற்கு வருகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நான் தப்பித்தேன், ஆனால் மயிரிழையில். எஸ்எஃப்எக்ஸ் என்றால் 100 மி.மீ. ஆழம். எஸ்எஃப்எக்ஸ்-எல் என்று இன்னொன்று, 130 மி.மீ. பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடையில் இரண்டையும் “எஸ்எஃப்எக்ஸ்” என்றே சொல்கிறார்கள். பெட்டி இரண்டையும் ஏற்கும் என்றுதான் போட்டிருக்கும். பெரியதை வைத்தால், ஒயர்கள் மடங்கி உட்கார வேண்டிய அந்த 30 மி.மீ. போய்விடும் என்பது கட்டும்போதுதான் தெரியும். சின்னப் பெட்டியில் காற்று போகும் வழியும் ஒயர் போகும் வழியும் ஒன்றேதான். ஆகவே முழு மாடுலர் (எல்லா ஒயரையும் கழற்றி மாட்டலாம்), 100 மி.மீ., முடிந்தால் மெல்லிய தனித்தனி ஒயர்கள். வாட் விஷயத்தில் பயப்பட வேண்டாம். 200 வாட் கார்டும் 88 வாட் வரை போகும் ப்ராசஸரும் சேர்ந்து முழு சுமையில் 350 வாட் பக்கத்தில்தான் நிற்கும். 600 வாட் தாராளம். நான் 750 வாங்கியது ஸ்டாக்கில் அதுதான் இருந்தது என்பதால்.

போர்டில் கவனிக்க வேண்டியவை சில. 170 மி.மீ.க்கு 170 மி.மீ.தான் முழு போர்டும். ரேமுக்கு இரண்டே ஸ்லாட். இப்போது 16, பிறகு இன்னொரு 16 என்றெல்லாம் தவணை முறை யோசிக்காமல் ஜோடியாகவே எடுத்துவிடுங்கள், விளக்கு எரிகிற உயரமான ரேம் வேண்டாம். இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட் பல போர்டுகளில் முதுகுப் பக்கம் இருக்கும், அங்கே காற்றே போகாது. கேம்களை முன்பக்கத்து எஸ்எஸ்டியில் வையுங்கள். பெட்டியின் முகப்பில் டைப்-சி இருந்தால் போர்டிலும் அதற்கான இணைப்பு இருக்கிறதா பாருங்கள். ப்ராசஸரில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க 7500எஃப் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சின்னப் பெட்டிக்கு வேண்டாம் என்பேன். 7600-க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு, எஃப்-இல் கிடையாது. அது எப்போது கைகொடுக்கும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

எல்லாவற்றையும் மாட்டி முதல் தடவை பட்டனை அமுக்கினேன். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வயிறு கலங்கிவிட்டது. 7600 உட்காருகிற இந்த ஏஎம்5 போர்டுகள் முதல் தடவை ரேமைப் பழகிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. பொறுமையாக இருங்கள், நடுவில் ஸ்விட்சை அணைக்காதீர்கள். எனக்கும் வந்துவிட்டது. விண்டோஸ் போட்டேன், டிரைவர் போட்டேன், கேம் இறங்கியது. ராத்திரி பதினோரு மணிக்கு விளையாட உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் மறுபடி கறுப்பு. ஹெட்போனில் சத்தம் மட்டும் ஓடுகிறது. பிறகு அதுவே ரீஸ்டார்ட் ஆகிறது. யூட்யூப் ஓடும், எக்செல் ஓடும், கேம் போட்டால் மட்டும் சாகும்.

இதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் போனதுதான் இந்தக் கதையில் பெரிய நஷ்டம். டிரைவரை அழித்துப் போட்டேன். ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். சின்னப் பெட்டியில் ஒரு ரேமைக் கழற்ற வேண்டுமென்றால் கூலர் விசிறி, பக்க மூடி, இரண்டு ஒயர் எல்லாம் கழற்ற வேண்டும். விரல் நுனியெல்லாம் தகடு கிழித்த கோடுகள். சுற்றி இருப்பவர்களில் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆபீசில் சொன்னால் “ப்ளேஸ்டேஷன் வாங்கியிருக்கலாமே ப்ரோ” என்றார்கள். கடைசியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். செக்கிங் சார்ஜ் 1,500. பெட்டியிலிருந்து கழற்றாமலே இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கார்டு போயிருக்கு, ஆர்எம்ஏ (வாரண்டியில் திருப்பி அனுப்புவது) போடுங்க என்று தந்துவிட்டார்கள். பில்லில் சீரியல் எண் இருந்ததால் வாரண்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். அது இல்லாமல் எனக்கு முன்னால் நின்றவர் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துக்கும் மேல் கார்டு அங்கே கிடந்தது. திரும்பி வந்த சீட்டில் “குறை ஏதும் இல்லை” என்று ஒரு வரி. மாட்டினேன். மறுபடி கறுப்பு. அன்றைக்கு உண்மையிலேயே அழுகை வந்தது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

விடை ரைசர் கேபிளில் இருந்தது. பெட்டியோடு வந்த அந்த ஒயர் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு உள்ளது. கார்டும் போர்டும் ஜென் 4. அவை இரண்டும் தங்களுக்குள் ஜென் 4-இல் பேசிக்கொள்ளத் தீர்மானித்துவிடும், நடுவில் இருக்கும் ஒயர் தாங்காது என்பது அவற்றுக்குத் தெரியாது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது கார்டு இணைப்பின் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். அதனால் ஓடுவது போல இருக்கும், கேமில் சுமை ஏறினால் சரிந்துவிடும். பிழைகளைக் குறித்து வைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டபிள்யூஹெச்ஈஏ லாகர் என்ற பெயரில் ஹார்ட்வேர் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. எல்லாமே பிசிஐ எக்ஸ்பிரஸ் பற்றி. உறுதி செய்துகொள்ள போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, கார்டை ரைசர் இல்லாமல் நேரடியாகச் செருகி ஓடவிட்டேன். விடிய விடிய ஓடியது. மறுபடி பெட்டிக்குள் போட்டு, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) கார்டு ஸ்லாட்டை “ஆட்டோ”விலிருந்து ஜென் 3-க்கு மாற்றினேன். அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவில்லை. அன்றிலிருந்து ஒருநாளும் கறுக்கவில்லை.

இதில் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரைசர் வழியாகத் திரையே வராத நிலையில் பயாஸுக்குள் எப்படிப் போவது? அங்கேதான் 7600-இன் உள் கிராபிக்ஸ் வேலைக்கு வரும். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை போர்டின் ஹெச்டிஎம்ஐயில் செருகினால் போதும். இன்னொன்று, ஜென் 3-இல் ஓட்டினால் நஷ்டமாகுமே என்று உடனே ஐயாயிரம் கொடுத்து ஜென் 4 ரைசர் வாங்கப் போகாதீர்கள். 4070 மாதிரி 16 லேன் (இணைப்புத் தடம்) முழுதாக உள்ள கார்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. 4060, 4060 டிஐ போன்ற 8 லேன் கார்டுகளில், முக்கியமாக 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிகிற கேம்களில், கொஞ்சம் அடி விழும். அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் ரைசர் எந்த ஜென் என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். போடாமல் விட்டிருந்தால் பழையதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் கூலரைச் சோதிப்பது இருபத்திரண்டு இருபத்து மூன்று டிகிரி அறையில். என் அறை மே மாதத்தில் ஏசி போடாத மதியம் 35. அங்கே 80 என்று காட்டினால் இங்கே 92 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். 47 மி.மீ. கூலரில் என் ப்ராசஸர் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. 95 வரை போவதற்கென்றே வடிவமைத்ததுதான், எரிந்துவிடாது. ஆனால் விசிறி போடும் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. பயாஸில் ஈகோ மோடு போட்டு 88 வாட்டை 61-க்கு இறக்கினேன். முழுச் சுமையில் 80 பக்கம், கேமில் எழுபத்துச் சொச்சம். பிரேம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. கார்டையும் பவர் லிமிட் 80 சதவீதத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன். போனது சில பிரேம்கள், கிடைத்தது அமைதி. சின்னப் பெட்டிக்குள் 200 வாட்டுக்கு மேல் போகிற கார்டை சென்னையில் ஏசி இல்லாத அறையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இந்தப் பெட்டிகள் இரண்டு பக்க வலை வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. ரோட்டுப் பக்க ஜன்னல் என்றால் இரண்டு மாதத்துக்கொருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

விலைகள் நான் வாங்கிய காலத்தவை. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால் அந்த 9,500-ஐ மட்டும் மறந்துவிடுங்கள்.

கடைசியாக யுபிஎஸ். வீட்டில் ஏற்கெனவே இருந்த 600 விஏ போதும் என்று நினைத்திருந்தேன். 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும், பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 360 வாட். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும். கரண்ட் போன மறு நொடி பீப் என்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. 1000 விஏ, 600 வாட் என்று எழுதியிருப்பதை வாங்கினேன். சின்னப் பெட்டி என்பதால் சின்ன யுபிஎஸ் போதும் என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள், பெட்டி சுருங்கினால் கரண்ட் சுருங்காது. பழையது இப்போது வைஃபை ரூட்டருக்கு. அந்த வேலைக்கு அது கச்சிதம்.